நாலாவது கட்டம்

மதிவதனிக்குப் பயம் முதலில் வயிற்றில்தான் வரும். வயிற்றைப் பிசைந்து எடுத்த பிறகுதான் எதற்குப் பயப்படுகிறோம் என்பதே மண்டைக்கு ஏறும். பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றால் அப்படி, பெண் பார்க்க வந்த அன்றைக்கு அப்படி. இப்போது ஒரு டிக்கெட்டை விற்றதற்கும் அப்படியே ஆகிவிட்டது.

டிக்கெட் என்றால் பஸ் டிக்கெட் இல்லை, பாட்டுக் கச்சேரி டிக்கெட். வேங்கிக்கால் தாண்டி இருக்கிற பெரிய மைதானத்தில், சென்னையிலிருந்து வருகிற பேர்போன பாடகர் பாடப் போகிறார் என்று திருவண்ணாமலை முழுக்க அதே பேச்சாக இருந்தது. மதிவதனியின் புருஷன் புகழேந்தி தன் போனிலேயே புக் பண்ணி, பிரவுசிங் சென்டரில் கொடுத்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தாளாக அச்செடுத்துக்கொண்டு வந்தான். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் போய் ரொம்ப நாளாகிறது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் செய்வதுபோல அந்தத் தாளுக்கும் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தடவி, சாமி படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டாள். நல்ல காரியத்துக்கு வந்த தாள், வெறும் மூலையோடு வைப்பார்களா?

கச்சேரிக்கு முந்தின வாரம் தண்டராம்பட்டில் புகழேந்தியின் பெரியப்பா தவறிவிட்டார். பங்காளி வீட்டுச் சாவு. காரியம் முடிகிறவரை தீட்டு, கோயில் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. இதில் கச்சேரிக்கு எங்கே போவது?

புகழேந்தி அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. "போனா போவுது உடு. அத்த யாருக்காவது விக்கிறேன் கிக்கிறேன்னு கெளம்பாத. இப்ப நம்ம பேரு எங்கயும் அடிபடக் கூடாது" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கலெக்டர் ஆபீசில் தற்காலிக டிரைவராக ஓட்டிக்கொண்டிருந்தவனை நிரந்தரமாக்கப் பெயர் போயிருந்தது. இனி போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. ஸ்டேஷனில் ஆள் மேலே, குடும்பத்தின் மேலே ஏதாவது புகார் இருக்கிறதா என்று பார்த்து எழுதி அனுப்புவார்கள். வருஷக்கணக்காக அந்த ஒரு தாளுக்காகத்தான் அந்த வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. கச்சேரி அன்றைக்கு அதிகாரியைக் கூட்டிக்கொண்டு அவனே அந்த மைதானத்துக்குப் போக வேண்டியிருந்தது. டிக்கெட் இல்லாமலே பார்க்கிங்கில் நின்று பாட்டுக் கேட்கப் போகிறேன் என்று சிரித்துவிட்டு அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டான்.

மதிவதனியால் விட முடியவில்லை. சோற்றில் ஒரு பருக்கையை வீணாக்காதவள் அவள். பழைய சோபா, பிள்ளைகள் சைக்கிள் எல்லாம் விற்கிற ஆப் ஒன்றைப் பக்கத்து வீட்டு பூஜா போனில் போட்டுக் கொடுத்து, டிக்கெட்கூட இதில் போகிறது அக்கா என்றாள். வாங்கின விலைக்கே கொடுத்துவிடலாம், ஒரு குடும்பம் சந்தோஷமாகப் பார்த்துவிட்டுப் போகட்டும், அவரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மதிவதனி முடிவு கட்டிவிட்டாள்.

தாளை எடுத்துப் பார்த்தால் மூலைக்கு மூலை மஞ்சள் அப்பிக்கிடந்தது. அடுத்தவருக்குக் கொடுக்கிற பொருளை இப்படியா கொடுப்பது என்று ஈரத்துணியால் துடைத்தாள். மூன்று மூலை சுத்தமாகிவிட்டது. கீழே வலது மூலையில்தான் அந்தக் கறுப்புப் புள்ளிச் சதுரம் இருந்தது, கேட்டில் மிஷின் வைத்துப் பார்ப்பார்களே, அது. ஈரம் பட்டதும் அதன் ஓரத்தில் மை கலங்கி இழுத்துக்கொண்டது.

அவளுக்குப் பகீரென்றது. வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பார்த்தாள். அந்தச் சதுரத்தில் மேலே இரண்டு பக்கமும், கீழே இடது பக்கமும் கட்டத்துக்குள் கட்டம் அழகாக இருந்தது. மை கலங்கின நாலாவது மூலையில் மட்டும் கட்டம் இல்லை. அடப்பாவி, துடைத்ததில் ஒரு கட்டம் அழிந்துபோய்விட்டதே என்று நினைத்தாள். மார்கழியில் தெருவையே அடைத்துப் புள்ளிக் கோலம் போடுகிறவள் அவள். மூன்று மூலையில் பூ வைத்துவிட்டு நாலாவதைச் சும்மா விட்ட கோலத்தை அவள் எங்கே கண்டிருக்கிறாள்? மெல்லிய கறுப்புப் பேனாவை எடுத்தாள், மூச்சை அடக்கிக்கொண்டாள், மற்ற மூன்றைப் பார்த்துப் பார்த்து நாலாவது கட்டத்தை வரைந்து முடித்தாள். கலைந்த புள்ளிகளையும் தொட்டுத் தொட்டு நிரப்பினாள். தூர வைத்துப் பார்த்தபோது எது அச்சு எது பேனா என்று அவளுக்கே தெரியவில்லை.

வாங்க வந்தவர் பெயர் பலராமன், கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை வியாபாரம், நிலக்கடலை மூட்டை வாங்கி விற்கிறவர். ஆப்பில் அவர் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டிராக்டர் படம்தான் இருந்தது. ஏன் விற்கிறீர்கள், வீடு எந்தத் தெரு, வீட்டுக்காரர் எப்போது இருப்பார் என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு, நேரிலேயே வந்து நின்றார். ஆள் வாட்டசாட்டம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போனிலேயே பணத்தை அனுப்பினார். அனுப்பின கையோடு போனை உயர்த்தி வாசல் கதவை ஒரு போட்டோ, கதவில் ஒட்டியிருந்த வீட்டு நம்பரை ஒரு போட்டோ, அவள் முகத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. நெறைய ஏமாந்துட்டேன்" என்றார்.

அவர் பைக் தெரு திரும்பிய பிறகும் மதிவதனி கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் இப்போது ஒரு அன்னியர் போனில் இருக்கிறது. அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன என்று புகழேந்தி கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றாள். அது பொய்யும் இல்லை.

கச்சேரி அன்றைக்குச் சாயங்காலம் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் பலராமன் பெயர். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "கேட்டாண்ட நிக்கிறோம்மா. மிஷின்ல எடுக்கல. பேனாவால வரைஞ்சிருக்குது, டூப்ளிகேட்டுன்றாங்க. என் பொண்ணு அழுவுறா. போலீஸும் இங்கதான் நிக்குது. நீயா வந்தா பேசலாம். வரலைன்னா உன் போட்டோவையும் வீட்டு போட்டோவையும் குடுத்துட்டு நான் போயிட்டே இருப்பேன்" என்றார். போனை வைத்துவிட்டார்.

அரிசியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஷேர் ஆட்டோவில் ஐந்தாறு பேர் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து போனைக் கையில் உருட்டிக்கொண்டே வந்தாள். புக் பண்ணின மெசேஜ் புகழேந்தியின் போனில் இருக்கிறது. அவனைக் கூப்பிட்டால் ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியம். ஆனால் என்னவென்று சொல்வாள்? விற்காதே என்று சொன்னதை விற்றேன், உன் பெயர் அடிபடக் கூடாது என்றாய், போலீஸிடமே போய்க்கொண்டிருக்கிறேன் என்றா? அவன் அதிகாரி பக்கத்தில் நிற்பான். போன் அடித்தால் அதிகாரி திரும்பிப் பார்ப்பார். எப்படியாவது அவனுக்குத் தெரியாமல் முடித்துவிட வேண்டும், பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் காலில் விழுந்தாவது முடித்துவிட வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்த பூக்காரம்மாள், ஏன்மா இப்படி நடுங்குற, குளிருதா என்று கேட்டாள். வெயில் இன்னும் தாழாத நேரம் அது.

மைதானத்து வாசலில் திருவிழாக் கூட்டம். இறங்கினதும் அவள் கண் முதலில் தேடியது பலராமனை இல்லை. கேட்டுக்கு எதிரே அரசாங்க ஜீப்புகள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றின் மேல் சாய்ந்து, வெள்ளைச் சட்டையில் புகழேந்தி நின்றிருந்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம். மதிவதனி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சுவரை ஒட்டி ஒட்டி நடந்தாள். திருடி நடப்பதுபோலத்தான் நடக்கிறோம் என்று அவளுக்கே தோன்றியது.

பலராமனும், அவர் சம்சாரம் கஸ்தூரியும், பட்டுப்பாவாடையில் அவர்கள் மகளும் ஓரமாக நின்றிருந்தார்கள். அவரும் மகளும் உள்ளே போக, கஸ்தூரி வெளியே காத்திருப்பதாக ஏற்பாடாம். அந்தப் பெண்ணின் கண்மை கன்னம்வரை வழிந்திருந்தது. பக்கத்தில் ஒரு பெண் போலீஸ் கையில் தாளோடு நின்றாள். கேட்டில் டிக்கெட் பார்க்கிற பெண், மஞ்சள் பனியன் போட்டவள், மதிவதனி கொடுத்த டிக்கெட்டை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

இது யார் வரைந்தது என்று போலீஸ் கேட்டாள். மதிவதனிக்குப் பொய் சொல்ல வரவில்லை. மஞ்சள் தடவினது, துடைத்தது, மை கலங்கினது எல்லாம் முன்னும் பின்னுமாக உளறினாள். "மூணு மூலையில கட்டம் இருந்துச்சு மேடம். நாலாவது அழிஞ்சிடுச்சின்னு நெனச்சேன். அதான் போட்டேன்" என்றாள்.

பனியன்காரப் பெண் அவளையே பார்த்தாள். எந்த டிக்கெட்டிலுமே மூன்று கட்டம்தான் இருக்கும் அக்கா என்றாள். வேண்டுமானால் பாருங்கள் என்று வரிசையில் நின்றவர் டிக்கெட் ஒன்றை வாங்கிக் காட்டினாள். மூன்றுதான். அடுத்தவருடையதிலும் மூன்றுதான். இல்லாத ஒன்றை அத்தனை பாடுபட்டு வரைந்திருக்கிறோம் என்று அப்போதுதான் மதிவதனிக்குப் புரிந்தது.

"இதுபோல வரைஞ்சு எத்தன பேருக்கு வித்த?" என்று போலீஸ் கேட்டாள். அவள் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? ஒரிஜினல் புக் பண்ணின போன் இருந்தால் காட்டு என்றாள். மதிவதனி ஜீப் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். சரி, பெயர் சொல்லு என்றாள், மதிவதனி சொன்னாள். புருஷன் பெயர் என்றாள்.

பேனா தாள்மேல் காத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தை அதில் விழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. புகழேந்தியின் விசாரணைத் தாள் போகிற அதே ஸ்டேஷன்.

"தசரதன்" என்றாள். அது அவள் அப்பா பெயர்.

எழுதி முடித்துப் போலீஸ் நிமிர்ந்தபோது, மதிவதனியின் பார்வை அவளை அறியாமல் ஜீப் பக்கம் போனது. புகழேந்தி இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தானையும் முக்காடும் யாரை மறைக்கும், அவள் நிற்கிற தோரணையை வைத்தே கண்டுபிடிக்கிறவன் அவன். ஒரு கணம் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பாடா, அப்படியே இரு, என்னைத் தெரியாததுபோலவே இருந்துவிடு என்று அவள் மனசுக்குள் அவனைக் கெஞ்சினாள். அவன் அதிகாரி இருந்த பந்தல் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி ஜீப்புக்குள் வைத்துவிட்டு நேராக நடந்து வந்தான்.

வராதே என்று அவள் தலையை ஆட்டினாள். அவன் வந்தேவிட்டான்.

"இன்னா மேடம் ஆச்சு? இவங்க என் சம்சாரம்" என்றான்.

பெண் போலீஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், மதிவதனியைப் பார்த்தாள். தாளில் இருந்த தசரதன் என்ற பெயரில் அவன் கண்ணும் விழுந்தது. அவன் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தான். நாலாவது கட்டத்தில் அவன் கண் நின்றது. போனை எடுத்து, தன் பெயரோடு டிக்கெட் வந்திருந்த மெசேஜைத் தேடி நீட்டினான். பனியன்காரப் பெண் மிஷினை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்து ஒரு சத்தம் வந்தது. நல்ல டிக்கெட்தான், யாரும் இதுவரை உபயோகிக்கவில்லை என்றாள். பட்டுப்பாவாடைக்காரி அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடப் பார்த்தாள்.

போலீஸ் பலராமனை நிறுத்தி, புகார் கொடுக்கிறீர்களா இல்லையா, சொல்லிவிட்டுப் போங்கள் என்றாள். அவர் மதிவதனியைப் பார்த்தார். தாளில் இருந்த அந்தக் கட்டத்தையும் பார்த்தார்.

"வேணாம் மேடம். இவ்ளோ நறுவிசா உக்காந்து எவனும் ஏமாத்த மாட்டான்" என்றார். போகிறபோது கஸ்தூரி அவர் கையிலிருந்து போனை வாங்கி, மதிவதனியிடம் காட்டிக்கொண்டே அந்தப் போட்டோக்களை ஒவ்வொன்றாக அழித்தாள்.

எழுதின தாள் இன்னும் போலீஸ் கையில்தான் இருந்தது. மதிவதனியின் கண் அதைவிட்டு நகரவில்லை. அந்தப் பெண் போலீஸ் புகழேந்தியின் வெள்ளைச் சட்டையையும், அவன் போனில் இருந்த பெயரையும், தான் எழுதின தசரதன் என்ற பெயரையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். திருத்திக் கேட்பாள் என்று மதிவதனி காத்து நின்றாள். அவள் கேட்கவில்லை. தாளை நாலாக மடித்துக் கிழித்தாள்.

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லாம எதையும் விக்காதம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போய்விட்டாள்.

பந்தல் பக்கமிருந்து யாரோ டிரைவர் என்று கூப்பிட்டார்கள். புகழேந்தி அந்தக் கெட்டுப்போன டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கோபமா இல்லையா என்று அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து என்ன சொல்லப் போகிறானோ என்று அவள் வயிறு மறுபடியும் ஆரம்பித்தது.

இரண்டடி வைத்தவன் திரும்பினான். "அப்பன் பேர எதுக்கு சொன்ன?" என்று கேட்டான்.

கேட்டவன் பந்தலைப் பார்த்து நடந்துவிட்டான். உள்ளே முதல் பாட்டு ஆரம்பித்தது. தீட்டுக்காரர்கள் கேட்கக் கூடாதே என்று மதிவதனி ரோட்டைப் பார்த்து வேகமாக நடந்தாள். களைந்து போட்ட அரிசி நினைவுக்கு வந்தது. பாட்டு வேங்கிக்கால்வரை பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.