ஆறு தாண்டிய சேனை

பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடி பெரிய ரோட்டில் மஸ்தானுக்கு ஒரு தையற்கடை இருந்தது. முன்னால் இரண்டு மிஷின், பின்னால் ஒரு பச்சைத் திரை, திரைக்கு அப்பால் வீடு. அவன் மனைவி குல்ஷன் அங்கே உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுப்பாள். கடையில் யார் என்ன பேசினாலும் அவள் காதில் விழும். அவள் குரல் மட்டும் கடைப் பக்கம் வந்ததில்லை, 1921-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் வரைக்கும்.

அந்த மாதம் பூந்தமல்லி முழுக்கத் துருக்கிப் பேச்சுதான். பெரிய யுத்தத்தில் தோற்றுத் துண்டாடப்பட்ட தேசம் அது. உலக முஸ்லிம்களின் கலீபாவான சுல்தான் அந்நியர் காவலில் இருக்க, அங்காரா நகரத்தில் புது சர்க்கார் ஒன்று எழும்பி நின்றது. அதை அழிக்கக் கிரேக்க சேனை கிளம்பிப் போயிருந்தது. அங்காரா விழுந்தால் எல்லாம் போயிற்று என்று ஊரில் பல வீடுகளில் சோறு இறங்கவில்லை.

சாயங்காலமானால் பள்ளிக்கூட வாத்தியார் கோதண்டம் பட்டணத்திலிருந்து வரும் இங்கிலீஷ் பேப்பரோடு கடைக்கு வந்துவிடுவார். தந்திகளைத் தமிழில் சொல்லுவார். பத்துப் பதினைந்து பேர் கூடிக் கேட்பார்கள். மஸ்தானின் தம்பி நஜீர், கலீபாவின் பதவியைக் காக்கப் போராடும் கிலாபத் இயக்கத்தின் தொண்டன். அவன் கையில் எப்போதும் துண்டுப் பிரசுரம் இருக்கும். வாத்தியாருக்கும் அவனுக்கும் நாள் தவறாமல் சண்டை.

அந்தப் புதன்கிழமை சண்டை முற்றிப்போயிற்று.

"கிரேக்கர்களுக்கு மகத்தான வெற்றி, நோக்கம் நிறைவேறியது. இப்படித்தான் போட்டிருக்கான்" என்றார் கோதண்டம். "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா லண்டன் வழியா வர்ற தந்தி பொய் சொல்லுமாப்பா?"

"அவன் அவனுக்குத் தோதா எழுதுவான், சார். இத்தப் படிங்க. கிரேக்க சேனை மொத்தமும் ஆத்துல முழுகிப்பூட்சு. ராஜாவயே புட்ச்சிட்டாங்க" என்று நஜீர் தன் காகிதத்தை நீட்டினான்.

ஊரும் இரண்டாகப் பிரிந்தது. பெரியவர்கள் வெள்ளிக்கிழமை கடையடைத்துத் துக்கம் காக்க வேண்டும் என்றார்கள். இளவட்டங்கள் வியாழக்கிழமை மாலையே மேளத்தோடு வெற்றி ஊர்வலம் போகிறோம் என்றார்கள். அனுமதியில்லாமல் மேளம் அடித்தால் முன்னால் நிற்பவனைத் தூக்கி உள்ளே போடுவேன் என்று சப்-இன்ஸ்பெக்டர் சொல்லியனுப்பியிருந்தார். முன்னால் நிற்கப்போகிறவன் நஜீர்.

குல்ஷனுக்கு அன்று ஊசி ஓடவில்லை. இரண்டு பேர் சொல்வதும் அவளுக்கு ஒட்டவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறு வகுப்புப் படித்தவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்துவிடுவாள். சட்டைக்கு அளவு வெட்டுவதற்காக மஸ்தான் பழைய பேப்பர்களை வாங்கி மூலையில் அடுக்கியிருந்தான். அவள் மறுநாள் விடிந்ததும் அந்தக் கட்டைப் பிரித்தாள். மூன்று வாரத்துத் தந்திகள் அதில் இருந்தன. ஒன்றில் பாதியைக் கழுத்து வளைவு தின்றிருந்தது. இன்னொன்று காலர் வடிவத்தில் கிடைத்தது.

கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸிலிருந்து வந்ததை ஒரு பக்கம் வைத்தாள், துருக்கியர் பக்கத்திலிருந்து வந்ததை ஒரு பக்கம் வைத்தாள். இரண்டிலும் வீரம், வெற்றி, நாசம் என்கிற வார்த்தைகளை விட்டுவிட்டு ஊர்ப்பேர், மலைப்பேர், தேதி மூன்றை மட்டும் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எழுதினாள். நஜீரை அனுப்பி, கோதண்டத்தின் பள்ளிக்கூட தேசப்படத்தையும் நேற்றைய பேப்பரையும் கேட்டு வாங்கினாள். மதியச் சோறு அடுப்பிலேயே ஆறிப்போயிற்று. எழுதி முடித்ததும் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை படத்தோடு ஒத்துப் பார்த்தாள்.

மாலையில் கடை நிரம்பியது. வெளியே மேளக்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள். குல்ஷன் திரையோரம் வந்து புருஷனைக் கூப்பிட்டாள்.

"நான் ரெண்டு வார்த்த பேசணும். பேசட்டுமா?"

மஸ்தான் மிஷினை நிறுத்தினான். அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். "பேசு. நா கீறேன்ல" என்றான்.

"வாத்தியாரண்ணே, சகாரியா ஆறுன்னு ஒண்ணு கீதே, அங்காராவுக்கு மேக்கால. போன மாசக் கடைசில கிரேக்கன் இன்னா சொன்னான்? ஆத்தத் தாண்டி கெழக்க வந்துட்டோம்னான்."

"ஆமாம், தங்கச்சி."

"ஒரு வாரம் பொறுத்து ஒரு மலையப் புட்ச்சேன்னான். துருக்கிக்காரனும் ஆமா, மலை போச்சுன்னு ஒத்துகினான். தனக்கு நஷ்டம்னு ஒருத்தன் தானே சொன்னா அத்த நம்பலாம். நேத்து தந்தில கிரேக்கன் எங்க கீறான்? தலைப்ப வுட்டுட்டு கீழ படிங்க."

திரைக்கு வெளியே அவள் நீட்டிய பேப்பரைக் கோதண்டம் வாங்கிப் பிரித்தார். கீழ்வரியை உதடு அசையப் படித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நோக்கம் நிறைவேறியதால் சேனை ஆற்றுக்கு மேற்கே நிலைகொள்கிறது."

"ஜெயிச்சவன் ஏன் வந்த ஆத்தத் திரும்பத் தாண்டறான்?"

நஜீர் சந்தோஷம் தாங்காமல் எழுந்தான். "நான் சொல்லல? அண்ணியே சொல்லிட்டாங்க."

"குந்து, நஜீரு. உன் காயிதம் எந்த ஊர்லருந்து வந்துது? தேதி எங்க? சேனையே முழுகி ராஜாவயும் புட்ச்சிருந்தா துருக்கிக்காரன் தன் தந்தில அத்த எழுதாம வுடுவானா? அவன் எழுதல. நமக்கு இனிக்கிற சேதின்னா ரெண்டு தபா பாக்கணும்டா. நானும் அத்தக் கேட்டதும் நம்பத்தான் ஆசப்பட்டேன்."

நஜீர் உட்கார்ந்தான்.

"அப்ப முடிவா என்ன சொல்றே?" என்று கேட்டார் கோதண்டம்.

"அங்காரா விழல. கிரேக்கன் பின்வாங்கறான். ஆனா சேனை முழுகல, ராஜா சிக்கல. ஒரு வாரத்துல உங்க பேப்பரே இத்த எழுதியாவணும். அதுவரைக்கும் துக்கமும் வாணாம், மேளமும் வாணாம்."

"எழுதினா, இதே எடத்துல நின்னு எல்லாருக்கும் முன்னால படிக்கிறேன்" என்றார் வாத்தியார்.

மேளக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள். பெரியவர்களும் வெள்ளிக்கிழமைக் கடையடைப்பைத் தள்ளிவைத்தார்கள். ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. துருக்கிச் சேனாபதி பாஷா இப்போது கரையான்சாவடியில் காஜா எடுக்கிறார் என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பேப்பரில் ஒன்றுமில்லை. குல்ஷன் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். எங்கேயும் பிசகவில்லை. இருந்தாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. "தப்பாப் போனா போவட்டும். ஒரு பய லாக்கப்புக்குப் போவல, அதுவே போதும்" என்றான் மஸ்தான்.

செவ்வாய்க்கிழமை கோதண்டம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். மேல்துண்டு நழுவியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. நாற்காலியைக் காட்டினார்கள், உட்காரவில்லை. உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த தந்தியை நின்றபடியே படித்தார். கிரேக்க சேனை ஆற்றைக் கடந்து மேற்கே வெகுதூரம் பின்வாங்குகிறது, அங்காரா துருக்கியர் வசமே இருக்கிறது, ஏதென்ஸும் இதை மறுக்கவில்லை. படித்து முடித்ததும் திரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இருபது வருஷமா பேப்பர் படிக்கிறேன். படிக்கிறது எப்படின்னு இப்பத்தான் தெரிஞ்சுது, தங்கச்சி."

ரோட்டில் போன ஜட்கா வண்டி நின்றது. அடுத்த கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். இன்னொரு தரம் படியுங்கள் என்றார்கள், படித்தார். இன்னொரு தரம் என்றார்கள். மஸ்தான் தைத்துக்கொண்டிருந்த சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சப்-இன்ஸ்பெக்டரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கி, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஊர்வலம் கிளம்பியது. சென்னீர்குப்பத்திலிருந்து வேளாளத் தெருக்காரர்களும் மாலையோடு வந்தார்கள். நஜீர் முன்னால் நடந்தான். பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி தையற்கடை வாசலில் ஊர்வலத்தை நிறுத்தி, "இன்னிக்கு இந்த ஊரு தலைகுனியாம நடக்குதுன்னா அதுக்குக் காரணம் எங்க பொண்ணு குல்ஷன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். மேளம் அதிர்ந்தது. மூலையில் கிடந்த கத்திரிக்கோல்கூடக் கிணுகிணுத்தது.

ஊர்வலம் கடந்தபின் குல்ஷன் கொல்லைப்பக்கம் போனாள். அங்கே இருபது முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மல்லி கட்டும் தாயம்மாகூட நார்க்கூடையோடு வந்திருந்தாள். அவள்தான் முதலில் கேட்டாள்.

"எங்களுக்கும் படிச்சுச் சொல்லு, கண்ணு. அந்த ரஷ்யாவுல ராசாவத் தொரத்திட்டாங்களாமே. ஒருத்தன் அங்க தேனும் பாலுமா ஓடுதுங்கறான், இன்னொருத்தன் சனங்க பட்டினில சாவுதுங்கறான். யாரு சொல்றது நெசம்?"

குல்ஷன் சிரித்துக்கொண்டே அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். "ரெண்டு பேரு சொல்றதயும் கொண்டாங்க. இன்னிக்கே ஆரம்பிப்போம்" என்றாள்.