சுரண்டிய தட்டுகள்

பண்டிகைக்கு யார் யாருக்கு என்ன வாங்கித் தருவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களுக்காகவே அந்தப் பாத்திரக் கடை வாசலில் ஒரு மேசையைப் போட்டிருந்தது. சிவப்புப் பூவும் தங்க விளிம்புமாகப் பீங்கான் தட்டுகள். விலையோ கொள்ளை மலிவு. சனம் பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போனது.

கடையின் பின்கட்டில் சின்னவள் அதே தட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் 'அலங்காரத்துக்கு மட்டும், உணவு பரிமாற அல்ல' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வெந்நீரில் ஊறவைத்து அதைச் சுரண்டி எடுப்பதுதான் அவள் வேலை. சேர்ந்த புதிதில் இதை ஏன் எடுக்க வேண்டும் என்று முதலாளியிடம் கேட்கத்தான் செய்தாள். அவரோ, "சுவத்துல மாட்டவா இவ்வளவு பேர் வாங்குறாங்க? அதெல்லாம் சும்மா ஒட்டறதும்மா. நீ உன் வேலையப் பாரு" என்றுவிட்டார். வேலை போய்விட்டால் அடுப்பு எரியாதே! யாரோ வாங்குகிறார்கள், யாரோ சாப்பிடுகிறார்கள், நமக்கென்ன வந்தது என்று வாயை மூடிக்கொண்டாள்.

விடுமுறைக்கு முந்தின நாள் முதலாளி வேலையாட்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார். உள்ளே அதே பூ, அதே விளிம்பு. சின்னவள் பதறிப்போய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அடியில் சீட்டு இல்லை. அப்பாடா, நமக்காவது நல்ல சரக்காகக் கொடுத்தாரே என்று மனம் குளிர்ந்து, பெட்டியை அப்படியே அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனாள். நாள் முழுக்கச் சீட்டைச் சுரண்டுகிறவளுக்கு, பக்கத்து மேசையில் இன்னொருத்தியும் அதையேதான் செய்கிறாள் என்பது தோன்றவில்லை பாருங்கள், அதைத்தான் கேடுகாலம் என்பது.

அக்காவுக்கு ஒரே பிள்ளை. வாண்டு என்று கூப்பிடுவார்கள். பூத்தட்டில் போட்டால்தான் சாப்பிடுவேன் என்று மூன்று வேளையும் அடம். சில மாதங்களில் வயிற்றுவலி என்று சுருண்டான். பிறகு இளைத்தான். பிறகு, கற்றுக்கொண்ட பேச்சையே மறக்கத் தொடங்கினான். ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, மருந்தால் கொஞ்சம் இறக்கலாம், மூளைக்கு நேர்ந்தது முழுசாகச் சரியாகாது என்றார் மருத்துவர். மலிவுத் தட்டுகளின் வண்ணப் பூச்சில் ஈயம் இருக்கும், எதில் சாப்பிடுகிறான் என்று அவர் விசாரித்தபோது, தட்டில் தப்பே இருக்காது, என் தங்கச்சி பார்த்துத்தான் கொடுத்தாள் என்று அக்கா வரிந்துகட்டிக்கொண்டு பேசினாள்.

அதைக் கேட்டபடி நிற்கச் சின்னவளால் முடியவில்லை. அக்காவை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

அக்கா அழவில்லை. "இவன் இல்லாம வேற யார் பிள்ளையாவது இப்படிக் கிடந்திருந்தா, நீ இன்னைக்கும் சுரண்டிக்கிட்டுதானே இருந்திருப்ப?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

சின்னவள் நேரே கடைக்கு நடந்தாள். அடுத்த பண்டிகைக்குப் போட்டிருந்த வாசல் மேசையில் ஒருவர் தன் மகளுக்கென்று ஒரு பெட்டியைக் கையில் எடுத்திருந்தார். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"இதுல சாப்பிடக் கூடாது சார். அடியில எழுதியிருந்தத நான்தான் சுரண்டி எடுத்தேன். யாரோ வீட்டுப் பிள்ளைதானேன்னு நெனச்சேன். யாரோ வீட்டுப் பிள்ளைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது சார்."