ஹாகாவின் எஞ்சின்

ஜப்பானில் சுச்சியுரா என்ற ஊரில் ஓனுகி நடத்திய பட்டறைக்குப் பழைய டர்போ கார்கள்தான் வரும். அவற்றின் கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவையும், தீப்பொறி விழும் நேரத்தையும் மாற்றி எழுதுவது அவர் தொழில். மனைவி சிசுரு கூடவே வேலை செய்தாள்.

தாமரைக் கிழங்கு பயிரிடும் ஹாகா ஒரு நாள் தன் காரோடு வந்தார். எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லையாம். ஓனுகி டாஷ்போர்டுக்குக் கீழே இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்தார். விளக்கு நீளமாக மூன்று முறை, குட்டையாக நான்கு முறை கண் சிமிட்டியது.

"முப்பத்திநாலாம் நம்பர் கோளாறு. நாக் சென்சார் போயிடுச்சு. எஞ்சினுக்குள்ள பெட்ரோல் நேரம் தப்பி வெடிச்சா கம்ப்யூட்டருக்குச் சொல்றது அதுதான். இப்ப காது கேக்காம, பயந்துபோய் எல்லாத்தையும் அடக்கி வச்சிருக்கு."

"புதுசு போடலாமா, ஓனுகி-சான்?"

"இந்த மாடலுக்குச் செய்யறதையே நிறுத்திட்டாங்க."

"அப்ப மெதுவாவே ஓட்டிக்கிறேன். வயக்காட்டுக்கு இது போதும்."

"மெதுவா ஓட்டவா இதை வாங்கினே? என் காது இருக்குய்யா."

எஞ்சின் மேல் ஒரு மைக்கைப் பொருத்தி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். கார் உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே ஓடியது. ஹாகா ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, ஓனுகி தீப்பொறியின் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளினார். சக்தி ஏறியது. ஹாகாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

தேநீரோடு வந்த சிசுரு வாசலிலேயே நின்றுவிட்டாள். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். ஓடிப்போய் அவர் தோளை உலுக்கினாள்.

"ஏங்க, தட்டுது! நேரம் தப்பி வெடிக்குது! நிறுத்துங்க!"

"ஹெட்ஃபோன் போட்ட எனக்கே கேக்கல. உனக்கு மட்டும் எங்கேருந்து கேக்குது? தள்ளு."

அடுத்த மிதியில் எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. வெள்ளைப் புகை கூரைவரை எழுந்தது. ஓனுகி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அதன் நுனியில் உருகிய பிஸ்டனின் அலுமினியம் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது.

ஹாகா காரிலிருந்து இறங்கினார். பிறகு, "பழைய வண்டிதானே, விடுங்க" என்று தலை குனிந்து வணங்கிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். அவர் திட்டியிருந்தால் ஓனுகிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மைக்கில் பதிவானதை சிசுரு திரும்பப் போட்டாள். ஓனுகி கண்ணை மூடிக் கேட்டார்.

"இதோ. இப்ப. இன்னொண்ணு" என்றாள் சிசுரு.

"டர்போ ஊதறது கேக்குது. வேற என்ன?"

"கல்லு மாதிரிங்க. படபடன்னு."

ஒலியை முழுவதும் ஏற்றினார். மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். அந்தத் தட்டல் வாசலுக்கு வெளியேகூடக் கேட்டிருக்கும். அவர் முகத்தில் எந்த அசைவும் இல்லை.

"எப்பலேர்ந்துங்க?"

"தெரியலையே. கேக்காம போறது எப்படிம்மா தெரியும்?"

காது மருத்துவர் படம் போட்டுக் காட்டினார்: மெல்லிய கூர்மையான ஒலிகள் மொத்தமாகப் போய்விட்டன, திரும்பி வராது.

"நான் கேட்டுச் சொல்றேன், நீங்க நம்பரை மாத்துங்க" என்றாள் சிசுரு. தங்கள் சொந்தக் காரிலேயே முயன்று பார்த்தார்கள். அவள் கை உயர்ந்து, அவர் விரல் விசைக்குப் போவதற்குள் எஞ்சின் பலமுறை தட்டிவிட்டிருந்தது. அவர் சாவியைத் திருப்பி அணைத்தார்.

வசந்தத்தில் பட்டறையை ஒரு டயர் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓனுகி அங்கேயே கூலிக்கு நட்டு முறுக்குகிறார். ஹாகா அந்தப் பக்கம் வருவதே இல்லை.