துப்புரவான கரை

ஒரு தாய் தன் மகனுக்கு மெழுகுதிரி கொளுத்துகிற இடத்தை, பரிசு அறிவித்து உடைப்பித்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் எனக்கே என்மேல் இரக்கம் வந்துவிடும்.

எங்கள் காப்புறுதி நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளையில் ஊழியர்களுக்குப் பொறுப்பு நான்தான். வருடத்தில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் தொண்டு வேலை செய்ய வேண்டும் என்று தலைமையகம் சொன்னது. கொழும்புத்துறைக் கரையைத் துப்புரவாக்குவோம் என்றேன். உடனே எல்லோர் வீட்டிலும் அலுவல் முளைத்தது. லக்ஷனுக்கு மச்சாளின் கலியாணம், சாருஜாவுக்குப் பல் பிடுங்க வேண்டுமாம். சாட்டுச் சொல்வதில் எங்கள் ஆட்களை வெல்ல ஆளில்லை. நானும் விடவில்லை. எல்லோருக்கும் ரீசேட் அடித்தேன், தின்ன ரோல்ஸுக்குச் சொன்னேன், அதிகக் குப்பை சேர்க்கிற அணிக்கு நிறை பார்த்து வெற்றிக் கோப்பை என்றேன்.

கடைசியாக எமில்ராஜ் வந்து நின்றான். எங்கள் கிளையின் வான் வண்டி ஓட்டுகிற சாரதி, கொழும்புத்துறைக்காரன். வாய் திறந்து கதைக்காதவன்.

"மிஸ், அந்தக் கரை வேண்டாம். வேறை இடம் பாப்பமே?"

"ஏன், ஊராக்கள் பாத்தால் வெக்கமோ?"

"இல்லை மிஸ், அங்கை எங்கடை அண்ணையின்ரை..."

"அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ரோல்ஸ் கூடத்தான் கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு அணிகளும் சரிக்குச் சரியாக நின்றன. எமில்ராஜைச் சாப்பாடு எடுக்கச் சுன்னாகத்துக்கு அனுப்பியிருந்தேன். கரையில் பழைய மரவள்ளம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் ஓரமெல்லாம் உருகிய மெழுகு. இரவில் குடிகாரர் கூடுகிற இடமாக்கும் என்று நினைத்தேன். சண்டிலிப்பாயில் தோட்டக்காரர் வீட்டில் வளர்ந்தவள் நான். எங்களுக்கு உக்கின மரம் என்றால் விறகு.

"உந்த வள்ளத்தையும் உடைச்சு, நிறுத்து, குப்பை லொறியிலை ஏத்துங்கோ, லக்ஷன்!"

லக்ஷனின் அணி வென்றது. கோப்பையோடு படமும் எடுத்தோம்.

எமில்ராஜ் சாப்பாட்டுப் பெட்டிகளோடு திரும்பி வந்தான். வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு வானை எடுத்துக்கொண்டு குப்பை மேட்டுக்கு ஓடினான். அதற்குள் அங்கே மண் போட்டு மூடிவிட்டார்கள்.

பிறகுதான் அறிந்தேன். எட்டு வருடத்துக்கு முன் அவனுடைய அண்ணன் கடலுக்குத் தொழிலுக்குப் போக, வள்ளம் மட்டும் கரைக்கு வந்ததாம். உடல் கிடைக்காததால் சேமக்காலையில் அவனுக்கு ஒரு குழி இல்லை. நவம்பரில் மரித்தோர் திருநாளன்று மற்றவர்கள் சேமக்காலைக்குப் போக, அவன் அம்மா மட்டும் வள்ளத்தடிக்கு வருவாராம். அன்றைக்கு எமில்ராஜை அந்த ஒரே ஒரு வசனத்தை முடிக்க விட்டிருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

இந்த முறை திருநாளுக்கு நானும் போனேன். ஏச்சு வாங்கத்தான் போனேன். நான் யாரென்று சொல்லியும் அந்த அம்மா ஏசவில்லை. கையில் மெழுகுதிரியோடு கரையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார்.

"பிள்ளை, வள்ளம் எவ்விடத்திலை கிடந்தது? நான் வள்ளத்தைப் பாத்து வாறனான், இடத்தைப் பாத்து வைக்கேல்லை. கடைசியாக் கண்டது நீங்கள்தானே?"

நானும் தேடினேன். ஒரு போத்தல், ஒரு ஓட்டுத்துண்டு என்று அடையாளத்துக்கு ஒன்றுமே இல்லை. அவ்வளவு துப்புரவாக்கி வைத்திருந்தோம்.

"இதிலைதான் அம்மா," என்று ஒரு இடத்தைக் காட்டினேன்.

பொய்தான். அவர் அந்த இடத்தில் முழந்தாளிட்டு, மணலைக் கையால் தடவிவிட்டு, மெழுகுதிரியை நட்டார்.