காற்றாலைக்காரியின் பெயர்

மனப்பாடத்தில் வசந்தாமணியை அடித்துக்கொள்ள உடுமலைப் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது. ஒரே ஒரு கோளாறு. நடுவில் யாராவது குறுக்கிட்டால் வண்டி மறுபடி முதல் வரியிலிருந்துதான் கிளம்பும்.

கணவன் மயில்சாமியின் விசாவில் தொற்றிக்கொண்டு அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊருக்கு வந்து மூன்று வருடம். அந்த விசாவில் அவள் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. வீட்டுச் சுவரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனாள். பக்கத்து ஊர் கல் காற்றாலையில் சனிக்கிழமைதோறும் இலவசமாக வரலாறு சொல்ல ஆள் தேடுகிறார்கள் என்றதும் உடனே எழுதிப்போட்டாள். இன்றைக்குப் பரீட்சை. காற்றாலைச் சங்கத் தலைவி மார்த்தா ஓரமாக நின்று கவனித்தாள். தேறாவிட்டால் திரும்ப அதே சுவர்தான்.

"ஆயிரத்து எண்ணூற்றுப் பதினான்கில்..." என்று ஆங்கிலத்தில் கடகடவென்று ஆரம்பித்தாள். பத்துப் பேர் கேட்டார்கள். இறக்கையில் கட்டும் துணி வரைக்கும் வந்தபோது, உதவி செய்கிறேன் பேர்வழி என்று மயில்சாமி கையைத் தூக்கினான்.

"இது எத்தனை ஹார்ஸ்பவர்?"

எஞ்சினியரை எங்கே கூட்டிப்போனாலும் இந்தக் கேள்வி வந்தே தீரும். வண்டி திரும்பவும் பதினான்கிலிருந்து கிளம்பியது. மாவரைக்கும் கல்லருகே மறுபடி கை தூக்கினான். மறுபடி பதினான்கு. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் மயில்சாமி பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, கொஞ்சம் வெளிய நில்லுங்க."

போனான். மூன்றாம் முறை தடங்கலில்லாமல் ஓடியது. "மில்லுக்காரர் ஒன்பது வருடம் ஓட்டி இறந்தார். பிறகு மனைவி இருபத்தாறு வருடம் ஓட்டினாள்..."

"மனைவி பேர் என்ன?" என்றார் தொப்பி போட்ட பெரியவர்.

மறுபடி பதினான்கு என்று வாய் திறந்தவள் நின்றுவிட்டாள். சங்கம் கொடுத்த வரலாற்றுப் புத்தகத்தில் மில்லுக்காரருக்குப் பதினோரு பக்கம், மனைவிக்கு ஒரு வரி. நாலு முறை படித்தும் இதை நாம் கேட்கவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"பேர் எழுதவில்லை," என்றாள். "காற்று வந்தால் அடுப்பில் கொதிப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாள். ஊரே அவள் அரைத்த மாவைத் தின்றது. பேரை மட்டும் யாரும் கேட்கவில்லை."

தட்டுத்தடுமாறிய ஆங்கிலம்தான். ஆனால் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மார்த்தா கைகுலுக்கி, வழிகாட்டிகள் பட்டியலை நீட்டினாள். 'மிஸஸ் மயில்சாமி' என்று முன்பே டைப் செய்திருந்தது. வசந்தாமணி அதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள்.

உள்ளே வந்து எட்டிப்பார்த்த மயில்சாமிக்கு முகம் தொங்கிப்போனது. "என் பேரை அடிச்சுப்போட்டயே அம்மிணி?"

"உங்க பேருதான் ஆபீஸ்ல, பேங்க்ல, வீட்டுக் கதவுல எல்லாம் இருக்குதுங்களே," என்றாள். "எனக்கு இங்க ஒண்ணுதானுங்க."