சாய்ந்த கண்ணாடியில் அப்பா

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அம்மாவிடம் மட்டும் இன்னும் சீக்கிரம் வரும்.

அப்பா வைரக்கண்ணு 1971 அறுவடையின்போது காணாமல் போனார். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டுச் சங்கம் சேர்த்தவர். பேசித் தீர்க்கலாம் என்று நிலத்துக்காரரான ஆண்டை வீட்டு ஆட்கள் கூட்டிப் போனார்கள், திரும்பவில்லை. "மலாயாவுக்கு ஓடிட்டான்" என்று கதையை முடித்தார்கள். அப்போது எனக்கு ஆறு மாதம். முப்பத்திரண்டு வருஷமாக அம்மா தாலியோடு காத்திருக்கிறாள். புருஷன் இருக்கிறானா செத்தானா என்று தெரியாமல் ஒருத்தி எத்தனை நாள்தான் இருப்பாள்?

இந்தப் பொங்கலுக்குத் திருவையாற்றுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போனேன். அம்மா தலை வாரிக்கொண்டே சொன்னாள்.

"செவ்வந்தி, ஒங்கப்பா கண்ணாடியில தெரியுறாருடி. ஒரு மாசமா."

"ஒனக்குக் கண்ணுல புரை விழுந்திருக்கு."

"புரையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மூஞ்சி நல்லாத் தெரியுது. எங்க இருந்து தெரியுறாருன்னு ஒன் கம்ப்யூட்டர் சொல்லுமா?"

நான் சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு நிரல் எழுதுகிறவள். சாய்ந்த கண்ணாடியில் பட்ட ஒளி எந்தத் திசையில் திரும்பும் என்று கணக்குப் போடுவது எனக்கு அன்றாட வேலை. அவள் வாயை அடைக்கத்தான் லேப்டாப்பைத் திறந்தேன்.

அவளை மூன்று இடங்களில் உட்காரவைத்தேன். ஒவ்வோர் இடத்திலிருந்தும் அப்பா முகம் கண்ணாடியில் எங்கே தெரிகிறது என்று சொன்னாள். அங்கே ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். எனக்கு வாசலும் வெயிலும்தான் தெரிந்தன. அவள் கண்ணிலிருந்து பொட்டுக்கு ஒரு கோடு. கண்ணாடிக்குச் செங்குத்தாக இன்னொன்று. முதல் கோடு செங்குத்தின் போக்கில் எவ்வளவு போகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கைக் கழித்தால் திரும்பும் திசை கிடைத்துவிடும். நிரலில் ஒரே வரி.

மூன்று கோடுகளும் கூரையைப் பிய்த்துக்கொண்டு வானத்துக்குப் போயின.

"பாத்தியா? வானத்துல யாரு நிக்கிறா?"

"அடி போடி படிச்சவளே! ஆணியில கயித்தப் போட்டுல்ல கண்ணாடி தொங்குது. முன்னால சாஞ்சிருக்குறது தெரியலையா ஒனக்கு?"

வெட்கமாகப் போயிற்று. எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கண்ணாடி சுவரோடு ஒட்டி நின்றது? நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சாய்வை அளந்தேன். செங்குத்துக் கோட்டைத் திருத்தி நிரலை மறுபடி ஓட்டினேன்.

இப்போது கோடுகள் கீழே இறங்கின. வாசலைத் தாண்டின. வாய்க்காலைத் தாண்டின. மூன்றும் ஒரே புள்ளியில் சந்தித்தன. வாசலிலிருந்து நாற்பதடி, ஆண்டை வயலின் வரப்போரம். தரையிலிருந்து உயரம் எவ்வளவு என்று பார்த்தேன். மைனஸ் நாலு அடி.

எங்கேயாவது குறி மாறியிருக்கும் என்று மூன்று தடவை சரிபார்த்தேன். மைனஸ் நாலுதான். ஐயோ, அப்பா! அந்த வயலில்தானே அம்மா வருஷா வருஷம் நாற்று நட்டாள். லீவு நாளில் நானும் நட்டிருக்கிறேன்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? "ஆண்டை வயல் வரப்பைக் காட்டுதும்மா" என்றேன். "தப்பா இருக்கும். மிஷின்தானே."

அம்மா சீப்பைக் கீழே வைத்தாள். வாசலில் போய் நின்று அந்த வரப்பையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"எத்தனை அடி ஆழத்துலடி?"