ஒரு கை ஐஸ்

அன்னக்கூடையில் கிடந்த கானாங்கத்தை மீன்களின் கண் மங்கத் தொடங்கியதை மீன்காரி ஃப்ளோரன்ஸ்தான் முதலில் பார்த்தாள். காசிமேட்டு வெயில் அன்று காலையிலேயே முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில், ஐஸ் கம்பெனிக்காரர்கள் புதிதாகச் செய்த மூடி போட்ட பெட்டி. அதிலும் அதே படகின் மீன், அதே அளவு ஐஸ். சாயங்காலம் வரை இரண்டையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் ராமசெல்வி வகுப்புக்குப் போயிருந்தாள்.

தண்டையார்பேட்டை மளிகைக்கடைக்காரர் மகள் அவள். கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் வருஷம். படிப்பு முடிவதற்குள் ஏதாவது ஓர் ஆய்வு செய்து காட்ட வேண்டுமாம். மற்ற பிள்ளைகள் ஆய்வகத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ள, இவள் மீன் விற்கும் பெண்களையும் ஐஸ் கம்பெனியையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினாள். பெட்டியில் மீன் கூடுதல் நேரம் தாங்குகிறது என்று தெரிந்தால், அந்த வரிசைப் பெண்கள் எல்லோருக்கும் பெட்டி தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. பிறகு உச்சி வெயிலில் மீனை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. முதல் நாள் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்ற பெண், இப்போது செவுளைத் தூக்கி மோந்து பார்க்கிறாள், மீன் வயிற்றில் தெர்மாமீட்டர் செருகுகிறாள். "இன்னா டாக்டரம்மா, மீனுக்கு ஜுரம் கீதா?" என்று பெண்கள் கேலி செய்தால், மீன் தலையில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நார்மல்தான்க்கா" என்பாள்.

ஃப்ளோரன்ஸுக்குக் கை அரித்தது. கூடையைத் தலையில் ஏற்றிய நாளிலிருந்து, மீன் கண் மங்கினால் அவள் கை தானாக ஐஸுக்குப் போகும். அதுவும் அந்தப் பெண்ணின் மீன். தன் பொறுப்பில் கெட்டுப்போகலாமா? ஒரு கை ஐஸை அள்ளி அன்னக்கூடையில் போட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கை.

சாயங்காலம் கூடை மீனும் பெட்டி மீனும் ஒன்றுபோலவே இருந்தன. ராமசெல்வி திரும்பத் திரும்பத் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று. ஐஸ் கம்பெனி மேனேஜர் காலித் நல்ல மனுஷர்தான். பெட்டி நல்ல பெட்டி என்பது எல்லோருக்கும் தெரிந்ததே, கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதினால் முதலாளியிடம் இன்றே பேசி முடித்துவிடலாம் என்றார்.

"தெரிஞ்சதையே எழுதணும்னா நான் எதுக்கு சார் இங்க வர்றேன்?" என்றாள் ராமசெல்வி. "வித்தியாசம் இல்லன்னா இல்லன்னுதான் எழுதுவேன்."

அப்படி எழுதினால் பெட்டி கிடையாது. அது ஃப்ளோரன்ஸுக்குப் புரிந்தது. பெட்டி போவதைவிட, இத்தனை நாள் பட்ட பாட்டையெல்லாம் தானே அடித்துப்போட அந்தப் பெண் பேனாவைத் திறந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இந்தாம்மா, எழுதாத. நான்தான் ஐஸ் போட்டேன். கண்ணு மங்கிகினே வந்துச்சு. பாத்துகினு கம்முனு குந்தினு இருக்க முடில."

ராமசெல்வி அன்றைய பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"தொடாதீங்கன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு சொல்லல. என் தப்புதான்க்கா."

ஈரத் தரை என்றுகூடப் பார்க்காமல் அந்தப் பெண்கள் நடுவே உட்கார்ந்து, அன்னக்கூடையில் மீன் கெட்டால்தான் பெட்டி அதைக் காப்பாற்றியது என்று காட்ட முடியும் என்று விளக்கினாள். மீன் கெட வேண்டும் என்று ஒருத்தி கேட்டு அவர்கள் அதுவரை கண்டதில்லை. "அப்போ நாளிக்கு இவ கைய கட்டிப் போட்ற வேண்டிதுதான்" என்றாள் பூமாரி. பக்கத்துக் கூடைக்காரி. அப்புறம்தான் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் விடியும்போதே ராமசெல்வி புது மீனோடு முதலிலிருந்து ஆரம்பித்தாள். இன்றைக்குக் காவலுக்கு யார் என்று காலித் கேட்டதற்கு, "ஃப்ளோரன்ஸ் அக்காதான்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

வெயில் ஏறியது. மீன் கண் மங்கியது. ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. ஃப்ளோரன்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கை, தன் பாட்டுக்கு, ஐஸை அள்ளிவிட்டிருந்தது. அந்தக் கையை மடியில் வைத்து இறுக மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் ஒழுகிய தண்ணீர் சேலையை நனைத்து, காலடி சிமென்ட்டில் இறங்கி, அன்னக்கூடைக்கு ஒரு சாண் தள்ளி வளைந்து ஓடியது.